ஊசிக்கண் தெரிந்த நாட்கள், தெரியாத நாட்கள்

2024 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா டவுனில் என் தையல் அறை மேசையில் ஜாக்கெட் துணிகள் குவிந்து கிடந்தன. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஊசியில் நூல் கோத்து முடித்த பிறகுதான் மூக்கைத் தொட்டுப் பார்க்கிறேன். கண்ணாடி இல்லை. கண்ணாடி போடாமலே நூல் உள்ளே போயிருந்தது.

எனக்கு அப்போது 47 வயது. வெள்ளெழுத்து வந்து நாலு வருடம். பிளஸ் 1.50 கண்ணாடி இல்லாமல் ஒரு கொக்கி வைக்க முடியாது, காஜா கட்ட முடியாது. அந்தக் கண் திடீரென்று குமரிப்பிள்ளையின் கண் மாதிரி ஊசிக்கண்ணைக் காட்டுகிறது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். "முருகன் கண்ணத் தொறந்துட்டான் புள்ள" என்று விபூதி பூசிவிட்டார். நான் கண்ணாடியை மிஷின் லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தால் கண் மங்கும் என்பது தோட்டத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கிட்டத்துப் பார்வை தெளிவாவதும் அதே சீனியின் வேலையாக இருக்கலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. என்னைப் போல இன்னொரு பெண் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கிட்டம் தெளிந்த அதே நாட்களில் தூரம் மங்கிக்கொண்டு வந்தது. அதற்கு எனக்கு வேறொரு காரணம் கைவசம் இருந்தது: பனிமூட்டம். எங்கள் பக்கத்தில் மழைக்காலம் என்றால் பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் நாவலப்பிட்டி பஸ்ஸை நுவரெலியா பஸ் என்று நினைத்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். இரண்டும் 'ந'வில்தானே தொடங்குகிறது, போர்டில் பனி படிந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இறங்கினேன். வெயில் அடித்த நாளிலும் போர்டு அப்படியேதான் தெரிந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கணக்கில் எடுக்காதது இன்னும் இருந்தது. ராத்திரியில் மூன்று, நாலு தடவை எழும்பினேன். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், கக்கூஸ் வெளியே. குளிரில் சால்வையைச் சுற்றிக்கொண்டு போய் வந்து, வந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பேன். குடித்த தண்ணீருக்காக மறுபடி எழும்புவேன். என் சொந்த ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். ஊர் முழுக்கப் பெண்களின் அளவு எடுக்கிறவள் நான். என் தோள் இரண்டு மாதத்தில் ஒரு அங்குலம் இறங்கியதை டேப்பில் பார்த்துவிட்டும், வேலை கூட, சாப்பாடு சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

தீபாவளி முடிந்ததும் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள், எழுத்து வாசிக்கச் சொன்னார்கள், தூரத்துக்கு மைனஸ் 1.50 என்றார்கள். நாலு வருடமாக தூரத்துக்குப் பவரே இல்லாத ஒருத்திக்கு 47 வயதில் புதிதாக மைனஸ் ஏன் வருகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சீனி இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. பிரேமோடு 9,500 ரூபாய். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அரசாங்கம் நிர்ணயித்த நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாய். ஏறக்குறைய ஏழு நாள் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழுந்தால்தான் அந்தக் கண்ணாடி. அதனால்தான் காசுக் கணக்கையும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் ஆட்களுக்குக் கண்ணாடி என்பது யோசித்து யோசித்து வாங்குகிற சாமான்.

கார்த்திகையில் விரலில் ஊசி குத்திய காயம் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. அதைக் காட்டத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மறுநாள் வெறும் வயிற்றில் வரச்சொல்லி இரத்தம் எடுத்தார்கள். 268. வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டாலே சீனி வருத்தம் என்கிறார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 11.4. அதற்கு 6.5 எல்லை. மெட்ஃபோர்மின், கிளிக்லசைட் என்ற சீனி மாத்திரைகளைத் தந்து, கிளினிக் கொப்பி போட்டு, கண் கிளினிக்குக்குப் போகச் சொல்லி ஒரு துண்டும் எழுதினார் டொக்டர். சிங்களத்தில் வேகமாக ஏதோ விளக்கினார். எனக்குச் சந்தைக்குப் போய்வரும் அளவுக்குச் சிங்களம் வரும், அவ்வளவுதான். தலையாட்டிவிட்டு வந்தேன். பின்னாலே வந்த இடைஞ்சலில் பாதி அந்தத் தலையாட்டலில் இருந்து வந்தது. விளங்கவில்லை என்றால் அங்கேயே நின்று, தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்படாதீர்கள்.

மாத்திரை தொடங்கினேன். சீனி போட்ட தேத்தண்ணியை நிறுத்தினேன். காலையும் மாலையும் கோதுமை மா ரொட்டி என்று இருந்த வயிற்றைக் கீரைக்கும் பயறுக்கும் பழக்கினேன். பத்து நாளில் காலைச் சீனி 150க்கு வந்தது. தண்ணீர்த் தாகம் போனது. கண் மட்டும் போய்விட்டது.

அதை எப்படிச் சொல்ல? காலையில் எழும்பி உள்ளங்கையைப் பார்க்கிறேன், ரேகை இல்லை. கிளினிக் கொப்பியில் என் பெயரை வாசிக்க முடியவில்லை. ஊசியைக் கையை நீட்டிப் பிடித்தாலும் வெறும் கம்பி மாதிரி இருந்தது, கண் எங்கே என்று தெரியவில்லை. புதுக் கண்ணாடியைப் போட்டால் இன்னும் மோசம். பூட்டி வைத்த பழைய பிளஸ் 1.50ஐ எடுத்துப் போட்டேன். கையை முழுக்க நீட்டினால் கொஞ்சம் தெரிந்தது, ஐந்து நிமிடத்தில் நெற்றிப்பொட்டு வலித்தது. பொங்கல் ஓடர் வரத் தொடங்கியிருந்தது. மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்து லயத்து அக்கா ஒருத்தி, "அந்த மாத்திரதான் கண்ணக் கெடுக்குது. எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் ஆச்சு. நிப்பாட்டிப் பாரு" என்றார். நிறுத்தினேன். ஒன்பது நாள். மறைக்காமல் சொல்கிறேன், அந்த ஒன்பது நாளில் கிட்டத்துப் பார்வை திரும்பியது. ஒன்பதாம் நாள் கண்ணாடி இல்லாமலே நூல் கோத்தேன். அக்கா சொன்னது சரிதான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கு ராத்திரி வாசலில் நின்று சிவனொளிபாதமலையைப் பார்த்தேன். மார்கழிப் போயாவோடு, அதாவது பௌர்ணமியோடு, யாத்திரை சீசன் தொடங்கியிருந்தது. மலை ஏறுகிற பாதை விளக்குகள் எங்கள் பக்கத்தில் இருந்து மணி கோத்த மாதிரி ஒன்றொன்றாகத் தெரியும், சிறுவயதில் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மணி ஒன்றுமில்லை, சுண்ணாம்பு தீற்றிய மாதிரி ஒரு வெளிச்சக் கோடு. பனி இல்லாத ராத்திரி. ஊசிக்கண் தெளிவாகவும் மலை விளக்கு கரைந்தும் ஒரே நாளில் தெரிந்தபோதுதான் பயம் வந்தது. தீபாவளி நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பி வந்திருந்தேன். அப்படியென்றால் சீனியும் திரும்பியிருக்க வேண்டும்.

மறுநாள் கிளினிக்கில் 241. தமிழ் பேசுகிற ஒரு மிஸ் என்னை ஓரமாக உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன்.

கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. அதற்கு இரத்தக்குழாய் கிடையாது, சுற்றியிருக்கிற நீரில் இருந்துதான் அதற்குச் சாப்பாடு. இரத்தத்தில் சீனி கூடினால் அந்த நீரிலும் கூடும், வில்லைக்குள்ளும் போகும். உள்ளே போன சீனியில் ஒரு பங்கு வேறு பொருளாக மாறி அங்கேயே தங்கிவிடும், லேசில் வெளியே வராது. சீனி ஏறும்போதும் இறங்கும்போதும் வில்லை ஊறவைத்த கடலை மாதிரி நீரை இழுக்கும், விடும். அதன் தடிமன் மாறும், ஒளியை வளைக்கிற விதமும் மாறும். சீனி கூடிக் கிடந்தபோது என் கண் மைனஸ் பக்கம் போனது. அதனால் தூரம் மங்கி, வெள்ளெழுத்து மறைந்த மாதிரி இருந்தது. மாத்திரை சீனியை மளமளவென்று இறக்கியதும் கண் பிளஸ் பக்கம் சாய்ந்தது, கிட்டம் முழுக்கப் போனது. இரத்தத்தில் சீனி நாட்கணக்கில் இறங்கும், வில்லை ஒத்துவர வாரக்கணக்கில் எடுக்கும். சிலருக்கு இரண்டு மூன்று மாதமும் ஆகலாம்.

"மாத்திர உங்க கண்ணக் கெடுக்கலக்கா. சீனி எறங்குறதத்தான் கண்ணு காட்டுது. நிப்பாட்டாதீங்க. கண்ணாடியும் இப்ப வெட்டாதீங்க" என்றார்.

மாத்திரையைத் திரும்பத் தொடங்கினேன். கண்ணாடி விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பொங்கலுக்கு முப்பத்தாறு ஜாக்கெட் ஒப்புக்கொண்டிருந்தேன், கைநீட்டிக் காசும் வாங்கியாயிற்று. ஜனவரி முதல் வாரத்தில் வேறொரு கடையில் பிளஸ் 3.25 போட்டு 6,000 ரூபாய்க்குக் கண்ணாடி வெட்டினேன். பொங்கல் வரைக்கும் அது உதவியது. மாசி பிறப்பதற்குள் அதைப் போட்டால் தலை சுற்றியது. இரண்டு கண்ணாடி, 15,500 ரூபாய், இரண்டும் லாச்சிக்குள். அதே பொங்கலை 700 ரூபாய் ரெடிமேட் வாசிப்புக் கண்ணாடியில் சமாளித்திருக்கலாம். பார்மசியிலும் பேன்சிக் கடையிலும் பிளஸ் 1இல் இருந்து 3.50 வரை தொங்குகிறது. கையில் ஒரு ஊசியோ மருந்துப் பெட்டியோ கொண்டுபோய், நீங்கள் வேலை செய்கிற தூரத்தில் பிடித்துப் பார்த்து, ஆகக் குறைந்த எந்தப் பவரில் தெரிகிறதோ அதை வாங்குங்கள். அது இடைக்காலத்துக்கு மட்டும். இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு பவர் உள்ளவர்களுக்கு அது முழுதாக ஒத்துவராது.

இந்தச் சமயத்தில்தான் டேப் எடுத்து அளக்கத் தொடங்கினேன். தினமும் காலையில், அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே ஒன்பதாம் நம்பர் ஊசி. பழைய பிளஸ் 1.50ஐப் போட்டுக்கொண்டு, ஊசிக்கண் தெளிவாகத் தெரிகிற ஆகக் கிட்டத் தூரத்தை மூக்கில் இருந்து அளந்து, பக்கத்திலேயே அன்றைய சீனியையும் எழுதினேன். ஜனவரி நடுவில் 19 அங்குலம். மாத முடிவில் 17. பெப்ரவரியில் இறங்கி இறங்கி 14. மார்ச் தொடங்கும்போது 13. அதற்குப் பிறகு மூன்று வாரம் 13இலேயே நின்றது. கொப்பியில் அந்த 13, 13, 13 என்று வரிசையாக விழுந்ததைப் பார்க்கிறபோது எனக்கு வந்த தெம்பு எந்த மருந்திலும் வராது. டேப் இல்லாவிட்டால் கலண்டர் போதும். ஒரே இடத்தில் நின்று எந்த வரி வரைக்கும் வாசிக்க முடிகிறது என்று, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

இனி நான் செய்த பெரிய பிழைக்கு வருகிறேன். கண்ணாடியில் போன காசு திரும்ப வரும், இது அப்படியல்ல.

நவம்பரில் டொக்டர் எழுதிய கண் கிளினிக் துண்டைக் கொப்பிக்குள் வைத்துவிட்டு மறந்துபோனேன். கண்ணாடிக் கடையில்தான் கண் பார்த்தாயிற்றே என்ற நினைப்பு. கடையில் பார்ப்பது பவர். துண்டு எழுதியது விழித்திரைக்கு. கண்ணின் பின்சுவரில் இருக்கிற அந்தப் படலத்தின் மெல்லிய இரத்தக்குழாய்களைச் சீனி வருடக்கணக்கில் அரிக்கும், வலி இருக்காது, ஆரம்பத்தில் பார்வையும் குறையாது. எங்களைப் போல நடுவயதில் சீனி பிடிபடுகிறவர்களுக்கு அது எப்போது தொடங்கியது என்று தெரியாது, பிடிபடுவதற்கு முன்னாலேயே பல வருடம் இருந்திருக்கலாம். அதனால் பிடிபட்டவுடனேயே ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைப் பார்க்க வேண்டும். சீனி ஒரேயடியாக இறங்கும்போது, முன்பே பழுதுபட்ட விழித்திரை கொஞ்சக் காலம் இன்னும் மோசமாகவும் கூடும் என்று பிறகு கண் டொக்டர் சொன்னார். கண்ணாடிக்குத்தான் இரண்டு மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். நானோ கண்ணாடிக்கு ஓடிவிட்டு, காத்திருக்கக் கூடாததைக் கொப்பிக்குள் வைத்திருந்தேன்.

என் பெரியம்மா கண் இருண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். "வயசாச்சு, கண்ணு போகத்தானே செய்யும்" என்றே கடைசிவரை இருந்தார். கொழுந்து மலையில் எத்தனை பெண்கள் இன்னும் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சீனி பார்ப்பதற்கும் கண் கிளினிக்குக்கும் காசு இல்லை. போகிற நாள் பேர்தான் போகும்.

ஜனவரி கடைசியில் தம்பியைக் கூட்டிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். கட்டாயம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணில் மருந்து விடுவார்கள், கொஞ்சம் எரியும். அரை மணி நேரத்தில் கண்மணி விரிந்துவிடும். கிட்டத்தில் எதுவும் வாசிக்க முடியாது, வெளிச்சம் தாங்காது. எனக்கு ஐந்தாறு மணி நேரம் எடுத்தது. திரும்பி வரும்போது கினிகத்தேனைக்கு மேலே தேயிலைமேல் வெயில் பட்டு அடித்த பளபளப்புக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். குடையும் கறுப்புக் கண்ணாடியும் கொண்டுபோயிருக்கலாம். மோட்டார் சைக்கிளும் த்ரீவீலும் ஓட்டுகிறவர்கள் அன்றைக்கு வண்டியைத் தொடக் கூடாது. தையலுக்கும் அன்று லீவு.

டொக்டர் இடது கண்ணில் மூன்று சிறிய சிவப்புப் புள்ளி இருப்பதாகச் சொன்னார். குழாய்ச் சுவர் மெலிந்து மொட்டு மாதிரி வீங்கிய இடங்கள். ஆரம்பக் கட்டம், லேசர் தேவையில்லை, சீனியும் பிரஷரும் கொழுப்பும் கட்டுக்குள் இருந்தால் அப்படியே நிற்கலாம், ஆறு மாதத்தில் வா என்றார். இன்னொன்றும் தமிழில் எழுதித் தரச்சொல்லி வாங்கி வந்தேன். அது என் மிஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறது: கண்முன் திடீரென்று கறுப்புப் புள்ளியோ தூசியோ நிறைய மிதந்தால், மின்னல் வெட்டினால், திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைந்தால், நேர்க்கோடு வளைந்து தெரிந்தால், ஒரு கண் பார்வை சட்டென்று குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வாரக்கணக்கில் மெல்ல ஏறி இறங்குகிற மங்கலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதற்குக் காத்திருக்கக் கூடாது.

மார்ச்சில் ஹெச்பிஏ1சி 7.1. டேப்பில் 13 நின்று மூன்று வாரம். அப்போதுதான் மூன்றாவது தடவை பவர் பார்த்தேன், இந்தத் தடவை கிளினிக் கொப்பியோடு. முதலிலேயே "எனக்கு சீனி, நவம்பர்லதான் புடிச்சது, இப்ப ரெண்டு மாசமா ஒரே அளவுல நிக்குது" என்று சொன்னேன். அந்தக் கடைக்காரப் பையன் நல்ல பிள்ளை. "அப்ப இன்னைக்கு வெட்ட வேணாங்க்கா, ரெண்டு கிழமைக்குப் பொறகு இன்னொருக்கா பாப்போம், ரெண்டும் ஒண்ணா வந்தா வெட்டுவோம்" என்றான். இரண்டும் ஒன்றாக வந்தது. தூரத்துக்கு ஒன்றுமில்லை. கிட்டத்துக்குப் பிளஸ் 1.75.

நாலு மாதம் அலைந்து, என் கண் பழைய கண்ணாடிக்குக் கால் பவர் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது. அதனால் பழைய கண்ணாடியை வீசாதீர்கள், சின்னவர்களுக்கும் கொடுத்துவிடாதீர்கள். நான் 9,500 ரூபாய்க் கண்ணாடியின் பிரேமைக் கொடுத்து வில்லையை மட்டும் மாற்றினேன், 2,800 ரூபாயோடு முடிந்தது. ஒரே கண்ணாடியில் கிட்டமும் தூரமும் பார்க்கிற விலை கூடின வில்லையை, கண் ஒரு வருடமாவது ஒரே பவரில் நின்ற பிறகு யோசிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

சீசன் முடிவதற்குள் ஒரு ராத்திரி மலை விளக்குகளை எண்ணினேன். மேலே, உச்சிக்குக் கிட்ட உள்ள வளைவில், பதினேழு வரை பிரித்து எண்ண முடிந்தது.

இப்போதும் டேப் ஜன்னலோரம் ஆணியில் தொங்குகிறது. சுகமில்லாமல் படுத்த இரண்டு வாரம் சீனி ஏறியபோது 13 என்பது 11 ஆனது. கிட்டம் தெளிவாகிறது என்று பார்த்ததுமே இரத்தம் சோதிக்கப் போனேன்.

வருகிற வியாழன் கண்டிக்கு அடுத்த கண் கிளினிக். இந்தத் தடவை மஸ்கெலியா ஆஸ்பத்திரியில் இறங்கி, அண்ணியையும் சீனி பார்க்கவைத்துவிட்டுத்தான் போவேன். ஐம்பத்திரண்டு வயது அவருக்கு. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னார், ஒரு மாதமாகக் கண்ணாடி போடாமலே அரிசியில் கல் பொறுக்குகிறாராம்.